கணினியின் கண்ணும் அதன் துபாஷியும்

யந்திரங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கண்டுபிடித்தவரின் பெயரில் தொடங்கி, விற்பனைக்கு வந்த ஆண்டில் முடித்துவிடுவர். அந்த யந்திரம் பழுதுபட்ட கதையையும், பழுதை நீக்கியவர்களின் கதையையும் எழுதுவோர் அரியர். ஆயினும், ஒரு பொருளைப் பற்றிய அறிவை யார் வைத்திருந்தார்கள், யார் மறைத்தார்கள், யார் பகிர்ந்துகொண்டார்கள் என்பது பழுதுபட்ட நாளிலேதான் நமக்குத் தெரியவருகிறது.

இப்பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மடிக்கணினியின் திரைக்கு மேலே உளுந்தளவில் அமைந்திருக்கும் காமிராவே அது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்ட கணினிகளில், இந்தச் சிறு கண் சில வேளைகளில் கணினியைத் தொடங்கவொட்டாமல் தடுத்து நிறுத்திவிடுகிறது. அவ்வாறு நேர்வது ஏன், அதைத் தீர்க்கும் வழி எப்படிப் பிறந்தது என்பவற்றை நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

கதை 1991ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்தார். அதுவே பின்னர் லினக்ஸ் ஆயிற்று. அதே ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தில் வேறொரு காரியம் நடந்தது. அங்கே ட்ரோஜன் அறை என்று பெயர் பெற்ற அறைக்கு வெளியே ஒரு காப்பிப் பாத்திரம் இருந்தது. கட்டடத்தின் வேறு மாடிகளில் இருந்தவர்கள் படியேறி வந்து பார்த்தால் பாத்திரம் பெரும்பாலும் காலியாக இருக்கும். இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க, குவென்டின் ஸ்டாஃபர்ட்-பிரேசர், பால் ஜார்டெட்ஸ்கி ஆகிய இருவரும் ஒரு காமிராவைப் பாத்திரத்தின்மேல் நோக்கவைத்து, அதன் படம் ஆய்வுக்கூடத்துக் கணினிகளில் தெரியுமாறு செய்தனர். 1993ஆம் ஆண்டு நவம்பரில் அந்தப் படம் உலகளாவிய வலையில் இணைக்கப்பட்டது. கறுப்பு வெள்ளையில், பக்கத்துக்கு 128 புள்ளிகள் கொண்ட அந்தச் சிறு படத்தைக் காண உலகமெங்கும் இருந்து மக்கள் வந்தனர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் அந்தக் காமிரா நிறுத்தப்பட்டது. இன்று நாம் வலைக்காமிரா என்று வழங்குவதற்கு அதுவே முன்னோடி.

அதே 1991இல்தான் நம் நாட்டில், புனே நகரத்தில், சி-டாக் நிறுவனம் ‘பரம் 8000’ என்னும் மீக்கணினியை உருவாக்கி முடித்தது. அயல்நாட்டு மீக்கணினியைப் பெறுவதில் தடை ஏற்பட்டமையால், 1988இல் நிறுவப்பட்டது அந்நிறுவனம். ஒருவரிடம் உள்ள அறிவு மற்றவருக்கு மறுக்கப்படும்போது, மறுக்கப்பட்டவர் தாமே அதைத் தேடி அடைவார் என்பதற்கு அது ஒரு சான்று. இந்த எண்ணம் நம் கதையில் மீண்டும் வரும்.

இனி, ஒரு கணினியும் அதனோடு இணைந்த கருவியும் எவ்வாறு உறவாடுகின்றன என்பதைப் பார்ப்போம். இயங்குதளத்தின் நடுவே ‘கரு’ என்று சொல்லத்தக்க ஒரு பகுதி இருக்கிறது. நினைவகத்தையும் கருவிகளையும் ஆள்வது அதுவே. ஆனால் ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு மொழியை உடையது. கருவின் மொழி கருவிக்குத் தெரியாது. கருவியின் மொழி கருவுக்குத் தெரியாது. இரண்டுக்கும் இடையே நின்று பேசும் நிரலை ஆங்கிலத்தில் ‘டிரைவர்’ என்பர். தமிழில் ‘இயக்கி’ என்று பெயர்த்திருக்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அதன் வேலையைக் காணும்போது வேறொரு பழஞ்சொல்லே நினைவுக்கு வருகிறது. அது ‘துபாஷி’. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, 1736ஆம் ஆண்டு முதல் தொடர்வதை நேயர்கள் அறிவீர்கள். அக்காலத்தில் துபாஷியின்றி வாணிபமும் இல்லை, அரசியலும் இல்லை. துபாஷி அறிந்ததை மற்றவர் அறியார். ஆகவே அவர் வாயிலிருந்து வருவதையே இரு தரப்பினரும் நம்பவேண்டியிருந்தது. கணினி உலகத்துத் துபாஷியின் நிலையும் இதுவே.

முதற்காலத்து வலைக்காமிராக்கள் ஒவ்வொன்றும் தனித்தனி மொழி பேசின. 1994இல் கனெக்டிக்ஸ் என்னும் கம்பெனி மக்கின்டாஷ் கணினிக்காகக் ‘குவிக்காம்’ என்ற சிறு காமிராவை விற்கத் தொடங்கியது. பொதுமக்கள் விலை கொடுத்து வாங்கத்தக்க காமிரா அதுவே முதலில் வந்தது. அப்போது கருவிகளைச் செருகும் துளைகளும் பல வகையாக இருந்தன. 1996இல் யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு முறை வெளியானதும் அந்தக் குழப்பம் நீங்கத் தொடங்கியது. அம்முறையை வகுத்தவர்களுள் முதன்மையாகக் கருதப்படும் அஜய் பட், பரோடாவில் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின் அமெரிக்கா சென்று இன்டெல் நிறுவனத்தில் பணிபுரிந்தவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

துளை பொதுவாயிற்று, மொழி பொதுவாகவில்லை. ஒரே துளையில் செருகப்பட்ட இரண்டு காமிராக்கள் இரண்டு வெவ்வேறு பாஷைகளில் பேசின. விண்டோஸ் வைத்திருப்போருக்குக் கம்பெனியே ஒரு தட்டில் இயக்கியைப் பதித்துக் கொடுத்தது. லினக்ஸ் வைத்திருப்போருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவர்கள் தாமே துபாஷியைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்நிலையில் 2004ஆம் ஆண்டில் நடந்த ஒரு வழக்கு குறிப்பிடத்தக்கது. நீதிமன்ற வழக்கன்று, கொள்கை வழக்கு. பிலிப்ஸ் கம்பெனியின் காமிராக்களுக்காகப் புனைபெயர் கொண்ட ஒரு தன்னார்வலர் லினக்ஸ் இயக்கி ஒன்றை எழுதிப் பேணி வந்தார். அவர் கம்பெனியோடு இரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார். ஆகவே சிறிய படங்களைக் காட்டும் பகுதி யாவரும் படிக்கத்தக்கதாகவும், பெரிய படங்களை விரித்துக் காட்டும் பகுதி பூட்டிய பெட்டியாகவும் இருந்தன. அந்தப் பூட்டிய பெட்டியை மாட்டுவதற்கென்றே லினக்ஸ் கருவுக்குள் ஒரு கொக்கி வைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், யூ.எஸ்.பி. பகுதியைக் கவனித்து வந்த கிரெக் குரோ-ஹார்ட்மன் அந்தக் கொக்கியை அகற்றினார். மூடிய நிரலுக்காக மட்டும் திறந்த நிரலில் இடம் வைக்கலாகாது என்பது அவர் வாதம். மனம் நொந்த தன்னார்வலர், தம் இயக்கி முழுவதையுமே நீக்கிவிடும்படி கேட்டுக்கொண்டார், அவ்வாறே நீக்கப்பட்டது.

இதில் எவர் பக்கம் நியாயம்? கொள்கையைக் காத்தவரைக் குறைகூற முடியாது. பல்லாண்டு கூலியின்றி உழைத்தவரின் மனவருத்தத்தையும் புறக்கணிக்க முடியாது. ஆனால் இவ்விருவருக்கும் இடையில், பணம் கொடுத்துக் காமிரா வாங்கிய மனிதர் ஒருவர் இருந்தாரல்லவா? அவருடைய காமிரா ஒரே நாளில் குருடாயிற்று. பின்னர் லுக் சையார் என்னும் பிரெஞ்சுக்காரர், பூட்டிய பெட்டி என்ன செய்கிறது என்பதை வெளியிலிருந்தே ஆராய்ந்து, அதே வேலையைச் செய்யும் திறந்த நிரலை எழுதினார். இயக்கி மீண்டும் கருவுக்குள் வந்தது. அதே நாட்டில் மிஷெல் சார் என்னும் மருத்துவர், நூற்றுக்கணக்கான காமிரா வகைகளின் பாஷைகளை இவ்வாறே ஆராய்ந்து ஒரே இயக்கிக்குள் தொகுத்தார். மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் ஓய்வு நேரத்தில் செய்த அந்தத் தொகுப்பு, திருத்தி அமைக்கப்பட்டு, 2008ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.27இல் இடம்பெற்றது.

இதற்கிடையில் கம்பெனிகளே பொது மொழியின் தேவையை உணர்ந்தன. ஒவ்வொரு காமிராவுக்கும் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனி இயக்கி எழுதுவது அவர்களுக்கும் பெருஞ்செலவு. 2003இல் ‘யூ.எஸ்.பி. வீடியோ வகுப்பு’ என்னும் பொது இலக்கணம் வெளியிடப்பட்டது. எந்தக் கம்பெனி செய்த காமிராவாயினும் இந்த இலக்கணப்படி பேசினால், ஒரே துபாஷி எல்லாவற்றுக்கும் போதும். லினக்சுக்காக அந்தத் துபாஷியை எழுதியவர் லோரான் பான்ஷார். ‘யூவிசிவீடியோ’ என்னும் அவரது இயக்கி 2008 ஜூலையில் லினக்ஸ் 2.6.26உடன் கருவுக்குள் சேர்ந்தது. அதன்பின் பெரும்பாலான மடிக்கணினிகளில் காமிரா எவ்வித முயற்சியுமின்றித் தானே வேலை செய்யலாயிற்று.

இலக்கணம் இருப்பது வேறு; இலக்கணப் பிழையின்றிப் பேசுவது வேறு. தமிழ் இலக்கணம் நன்கு வகுக்கப்பட்டிருந்தும் நாம் அனைவரும் பிழையறப் பேசுவதில்லை. காமிராக்களும் அவ்வாறே. ஒரு காமிரா தனக்குத் தேவையானதைவிட மிகுதியான தடத்தைக் கேட்கும். மற்றொன்று, ‘உன் கீழ்வரம்பு யாது, மேல்வரம்பு யாது’ என்று கேட்டால் தடுமாறிப்போகும். ஆகவே அந்த இயக்கிக்குள் ஒரு நீண்ட அட்டவணை அமைந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு காமிராவின் செய்தோர் எண், பொருள் எண், அதற்கு உரிய கோணல் என்பன இருக்கும். ‘இந்தக் காமிராவிடம் இந்தக் கேள்வியைக் கேளாதே’ என்பது போன்ற குறிப்புகள் அவை. அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால், எங்கோ ஓர் ஊரில் தன் காமிரா வேலை செய்யவில்லையென்று முறையிட்டு, பொறுமையோடு விவரங்களை எழுதி அனுப்பிய ஒரு மனிதர் இருக்கிறார். சரித்திர மாணவனுக்கு இதுவும் ஓர் ஆவணமே.

வேறு சில காமிராக்கள் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தம் நினைவை இழந்து பிறந்தன. ஆப்பிள் கம்பெனி 2006 முதல் தன் மடிக்கணினிகளில் பொருத்திய ஐசைட் காமிரா அத்தகையது. அதற்குரிய உள்நிரலைக் கணினியே ஒவ்வொரு தொடக்கத்திலும் ஊட்டவேண்டும். லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் அந்த உள்நிரலை ஆப்பிளின் இயங்குதளத்திலிருந்து பிரித்தெடுத்து வைத்துக்கொண்டனர். வெளியிலிருந்து உள்நிரலை மாற்ற இயலும் என்ற இந்த இயல்பையே பயன்படுத்தி, அவ்வகைப் பழைய காமிராவை அதன் எச்சரிக்கை விளக்கு எரியாமலே இயக்கலாம் என்று 2013இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்தனர். வீட்டுக்குள் இருக்கும் ஒரு கண்ணின் உள்ளே என்ன ஓடுகிறது என்பதை அறியும் உரிமை வெறும் தொழில்நுட்ப விஷயம் அன்று என்பதை அச்செய்தி உலகுக்கு உணர்த்தியது.

நம் நாட்டில் லினக்ஸ் பரவிய வரலாறு தனியே பேசத்தக்கது. கேரளப் பள்ளிகள் இதில் முன்னின்றன. சென்னையிலுள்ள சி-டாக் கிளை ‘பாஸ்’ என்ற சுருக்கப் பெயர் கொண்ட இந்திய லினக்சை உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அது இயங்கும். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பல கணினிகள் விண்டோசோடு பாஸ் லினக்சையும் தாங்கி மாணவர் கைகளை அடைந்தன. பழைய கணினிகளை வாங்கிப் பயன்படுத்துவோரும், அவை விரைந்து ஓடுவதற்காக லினக்சை நாடினர்.

புனேயை அடுத்த சிஞ்ச்வட் இத்தகையோர் பலர் வாழும் ஊர். பவனா நதிக்கரையில் மோரயா கோசாவியின் சமாதிக் கோயிலால் பெயர் பெற்றது. சாபேக்கர் சகோதரர்கள் பிறந்தது. 1954இல் பக்கத்துப் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை எழுந்தது. 1960களில் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் நிலம் வகுத்துக் கொடுக்கவே, மோட்டார் வாகனத் தொழிலும் அதைச் சார்ந்த பட்டறைகளும் பெருகின. 1982இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி ஆயிற்று. வேலை தேடி வந்த தமிழர் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வேரூன்றியிருக்கின்றன.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நிலவிய காலத்தில், எங்கள் குடியிருப்பில் வாழும் கடைசல் தொழிலாளி ஒருவரின் மகளுக்குக் கல்லூரி வகுப்புகள் கணினி வழியாக நடந்தன. பழைய விலைக்கு வாங்கிய மடிக்கணினி, அதில் லினக்ஸ். முதலில் சில நொடிகளில் தொடங்கிய கணினி, நாளடைவில் இரண்டு நிமிடம் எடுத்தது; பின்னர் சில நாள் தொடங்கவே மறுத்தது. “மாமா, வகுப்புக்கு வருகைப் பதிவு போய்விடும்” என்று அந்தப் பெண் கவலைப்பட்டாள். கடைகள் மூடியிருந்தன. புதிய கணினி வாங்கக் குடும்பத்துக்கு வசதியில்லை. எனக்கும் இதில் தனிப் பயிற்சி கிடையாது. கணினிக் கையேடுகளை மொழிபெயர்த்த பழக்கம் மட்டுமே உண்டு. ஆயினும் லினக்ஸ் தன் நோயைத் தானே எழுதிவைக்கும் இயல்புடையது. அதைப் படிக்கும் பொறுமையே வேண்டுவது.

தொடக்கத்தில் தோன்றும் பட்டியலில், செய்திகளை மறைக்கும் ‘குவயட்’ என்ற ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு தடவைக்கு அதை அழித்துவிட்டுத் தொடங்கினால், கரு செய்யும் ஒவ்வொரு காரியமும் வரிவரியாகத் திரையில் ஓடும். ஒவ்வொரு வரியின் இடப்பக்கத்திலும் தொடங்கியதிலிருந்து கழிந்த நொடிகள் குறிக்கப்பட்டிருக்கும். எந்த இரண்டு வரிகளுக்கிடையே காலம் வீணாகிறதோ அங்கேதான் நோய். அக்கணினியில் ஒரு யூ.எஸ்.பி. வாயிலின் எண் திரும்பத் திரும்ப வந்தது. அதனோடு ‘விவரக்குறிப்பைப் படிக்க இயலவில்லை, பிழை கழித்தல் 110’ என்னும் பொருளுடைய வரியும் வந்தது. 110 என்பது, கேள்வி கேட்டுக் காத்திருந்து விடை வராமல் நேரம் கடந்ததைக் குறிக்கும் எண். 71 என்று வந்திருந்தால், உரையாடலின் நெறியிலேயே பிழை நேர்ந்தது என்று பொருள். கரு உடனே கைவிடுவதில்லை; வாயிலை மீட்டமைத்து மீண்டும் மீண்டும் கேட்கும். இவ்வாறே ஒரு நிமிடத்துக்கு மேல் கழிந்துவிடும். அந்த வாயிற்குழுவில் உள்ள பிற கருவிகளும், கருவிகள் யாவும் வந்து சேரட்டும் என்று காத்திருக்கும் பிற பணிகளும் அதுவரை நிற்கும்.

கணினி ஒழுங்காகத் தொடங்கிய ஒரு நாளில், யூ.எஸ்.பி. கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையை இட்டுப் பார்த்தோம். அந்த வாயிலில் அமர்ந்திருந்தது திரைக்கு மேலுள்ள காமிராவே. இத்தகைய நிலையில் பலரும் முதலில் செய்வது, காமிராவின் இயக்கியை விலக்குப் பட்டியலில் சேர்ப்பது. காமிரா தன்னை யாரென்று அறிவித்த பின்னர் இயக்கி தடுமாறுமானால் அவ்வழி பயன்படும். அல்லது முன்சொன்ன கோணல் குறிப்புகளை இயக்கிக்குக் கொடுத்தாலும் பயன்படும். ஆனால் இங்கே காமிரா தன் பெயரையே சொல்லவில்லை. துபாஷியை அழைப்பதற்கு முன்பே, வாயிற்படியிலேயே தகராறு. துபாஷியை விலக்கி என்ன பயன்?

விடையைத் திரையின் கீல் காட்டிக்கொடுத்தது. திரையைச் சற்றுச் சாய்த்து வைத்த நாட்களில் கணினி விரைந்து தொடங்கியது. நேராக நிறுத்திய நாட்களில் தயங்கியது. காமிராவுக்குச் செல்லும் மெல்லிய கம்பிவடம் கீலின் வழியே செல்கிறது. பல ஆண்டு திறந்து மூடியதில் அது தேய்ந்துவிட்டது. கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில் உள்காமிராவை நிறுத்தும் வசதி இருந்தது. அதை நிறுத்தியதும், கணினி அரை நிமிடத்துக்குள் தொடங்கலாயிற்று. அண்டை வீட்டார் இரவல் கொடுத்த வெளிக்காமிரா ஒன்றை அந்தப் பெண் தேர்வுகளுக்குப் பயன்படுத்திக்கொண்டாள். கடைகள் திறந்த பின் வடம் மாற்றப்பட்டது. கடைசற் பட்டறையில் தேய்ந்த உறுப்பைச் சத்தத்தால் கண்டறியும் அவள் தந்தை, “இதுவும் அதே வேலைதான்” என்று சொன்னார். அவர் சொன்னது முற்றும் உண்மை.

ஆனால் நாம் ஒன்றை மறக்கலாகாது. அந்தப் பெண்ணின் வகுப்பைக் காத்தவை மூன்று: மறைக்காமல் எழுதப்பட்ட செய்திகள், யாவருக்கும் பொதுவான இலக்கணம், எந்தத் துளையிலும் செருகத்தக்க வெளிக்காமிரா. இம்மூன்றும் தாமே வந்தவை அல்ல என்பதை மேற்கூறிய சரித்திரம் காட்டும்.

இவ்வசதிகள் என்றும் நிலைத்திருக்கும் என்றும் எண்ணுவதற்கில்லை. 2022 வாக்கில் வெளிவந்த பல மெல்லிய மடிக்கணினிகளில் காமிரா யூ.எஸ்.பி. வழியில் இணைக்கப்படவில்லை. கைபேசிகளில் உள்ளதுபோல், கணினியின் மையச் சில்லில் அமைந்த படப்பகுதியோடு நேரே இணைக்கப்பட்டது. அங்கே பழைய பொது இலக்கணம் செல்லாது. லினக்ஸ் வைத்திருந்தோரின் காமிராக்கள் மீண்டும் ஒருமுறை குருடாயின. இத்தகைய புதுவகைக் காமிராக்களுக்காக 2018இல் தொடங்கப்பட்ட ‘லிப்காமிரா’ திட்டத்திலும் அதே லோரான் பான்ஷாரின் பெயர் முன்னிற்கிறது. 2024 ஜூலையில் வெளிவந்த லினக்ஸ் 6.10இல் இன்டெல்லின் அப்படப்பகுதிக்கான இயக்கியின் ஒரு கூறு சேர்க்கப்பட்டது. படத்தைப் பதப்படுத்தும் வேலையை மென்பொருளாலேயே செய்யும் வழியும் அவ்வாண்டில் அத்திட்டத்தில் உருவாயிற்று. 2004இல் நடந்த வழக்கு, வேறு பெயர்களோடு இருபதாண்டுக்குப் பின்னும் நடந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம்.

புதுச்சேரித் துபாஷி தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதி வைத்துச் சென்றதனால்தான், அக்கால வரலாற்றை நாம் ஆளுநர்களின் கடிதங்களால் மட்டும் அறியும் நிலையில் இல்லை. கணினியின் துபாஷிகளும் தாம் பேசுவதைத் திறந்த ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்பது தகாத விருப்பமன்று. விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி அறிந்துகொள்ளவும், பழுதுபட்டால் சரிசெய்துகொள்ளவும் வாங்கியவருக்கு வழி இருக்க வேண்டும். பட்டறைகள் நிறைந்த சிஞ்ச்வட்டில் இதை எவருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.